புது ஹாண்டில் சாமான் பைக்கில் ஏறவில்லையா? அரத்தைக் கையில் எடுக்க முன் இதை வாசியுங்கள்

நான் முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் இருக்கிறேன். கிரவல் ரோட்டில் விழுந்து என் 125 சீசீ டிஸ்கவரின் ஹாண்டில் வளைந்துபோனது. முன் பிரேக் லிவரின் நுனியும் உடைந்தது. ஒரு ஹாண்டிலும் ஒரு சோடி லிவரும் கொரியரில் எடுத்தேன். அவை ஒழுங்காகப் பூட்டி முடிய 19 நாட்கள் போயின. மாங்குளத்துக்கு மூன்று தரமும், கிளிநொச்சிக்கு இரண்டு தரமும், யாழ்ப்பாணத்துக்கு ஒரு தரமும் பஸ் ஏறினேன். சாமானுக்குக் கொடுத்தது 9,000 ரூபா. அதற்குப் பிறகு அலைச்சலுக்கும் திருத்தத்துக்கும் போனது 6,400 ரூபா. இவ்வளவுக்கும் காரணம், பார்சல் வந்த அன்று பின்னேரம் நான் செய்த ஒரு காரியம். லிவர் இடித்த இடத்தை அளந்து பார்க்காமல் அரத்தால் ராவிவிட்டேன்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் அனுப்பியது அந்த மொடலுக்குரிய லிவர்தான். என் பைக் இரண்டாம் கை. முன்பு வைத்திருந்தவர் எப்போதோ அதன் மாஸ்டர் சிலிண்டரை (பிரேக் லிவரை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் நகர்ந்து பிரேக் ஒயிலைத் தள்ளும் பகுதி) கழற்றிவிட்டு வேறொரு பைக்கினுடையதைப் பூட்டியிருக்கிறார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கம்வரை புது பைக் வராத காலத்தில், கிடைத்த சாமானைப் போட்டு ஓடிய பைக்குகள் நம் பக்கத்தில் நிறைய. ஆகவே மொடல் பெயரைச் சொல்லிச் சாமான் கேட்பது போதாது. உங்கள் வாசலில் நிற்கும் பைக்கை அளந்துதான் கேட்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் செய்வதற்கானவை.

1. பார்சலைத் திறக்க முன்: பில், வீடியோ, திகதி

ஓடர் கொடுக்க முன்பே கடைக்காரரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பீர்கள்? திரும்பி வரும் கொரியர் காசு யார் கட்டுவது? பைக்கில் வைத்துப் பார்த்த சாமானை எடுப்பீர்களா? போனில் பேசினால் ஆதாரம் இருக்காது. வட்ஸ்அப்பில் கேட்டு, பதிலை அழிக்காமல் வையுங்கள். விளம்பரத்தில் எந்த மொடலுக்குப் பொருந்தும் என்று போட்டிருக்கிறதோ அந்தப் பக்கத்தையும் அன்றே படம் எடுத்து வையுங்கள். பிறகு அந்த வரி மாறிவிடலாம்.

கையில் காசு கொடுத்து எடுக்கும் முறையில் பெரும்பாலும் காசு கட்டிய பிறகுதான் பார்சலைத் திறக்க விடுவார்கள். ஆகவே முத்திரை உடையாத நிலையிலிருந்தே வீடியோ எடுங்கள். மேலே ஒட்டிய விபரத் துண்டு தெரிய வேண்டும். சாமானை எடுத்து அளக்கும்வரை வீடியோவை நிறுத்தாதீர்கள். உறை, பஞ்சு, சிறு பை எதையும் எறிய வேண்டாம். திருப்பி அனுப்பும்போது அவற்றோடுதான் கேட்பார்கள்.

வாகனப் பதிவுப் புத்தகத்தின் போட்டோப்பிரதி ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். அதில் உற்பத்தி ஆண்டு வேறு, முதல் பதிவுத் திகதி வேறு. சாமான் கடையில் ஆண்டு கேட்டால் உற்பத்தி ஆண்டைச் சொல்லுங்கள். ஒரே பெயரில் வந்த பைக்கிலேயே ஆண்டுக்கு ஆண்டு சுவிச்சும் லிவரும் மாறியிருக்கும். நான் முதலில் பதிவு ஆண்டைத்தான் சொன்னேன்.

நாள் கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து உட்கிராமங்களுக்குக் கொரியர் வண்டி தினமும் வருவதில்லை. சில வேளை போன் எடுத்து, "ரவுனுக்கு வந்து எடுங்கோ" என்பார்கள். 7 நாள் தவணை என்று கடைக்காரர் சொன்னால், அது அவர் அனுப்பிய நாளிலிருந்தா உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்தா என்று முதலே கேட்டுவையுங்கள். இடையில் ஞாயிறும் போயா நாளும் (பௌர்ணமி விடுமுறை) வந்தால் 7 நாள் 5 நாளாகிவிடும்.

2. எங்கே இடிக்கிறது என்பதை மில்லிமீற்றரில் சொல்லுங்கள்

"ஏறுதில்லை" என்று மட்டும் சொன்னால் கடைக்காரரும் உதவ மாட்டார், கராஜிலும் உதவ முடியாது. முதலில் ஹாண்டில் குழாயின் தடிப்பைப் பாருங்கள். நம் ரோட்டில் ஓடும் இந்திய, ஜப்பானிய பைக்குகளில் கைபிடி ஏறும் இடம் பொதுவாக 22 மில்லிமீற்றர், சரியாகச் சொன்னால் 22.2. பெரிய குரூசர் வகைகளில் 25.4 வரும். நடுவில் தடித்து, கைபிடிப் பக்கம் மெலிந்து வரும் ஹாண்டில்களில் நடுப்பகுதி 28.6 இருக்கும். அந்தத் தடித்த வகை, 22க்குச் செய்த கிளாம்பில் ஒருநாளும் உட்காராது. தனிக் கிளாம்ப் வேண்டும்.

வேர்னியர் (மில்லிமீற்றரை நுணுக்கமாக அளக்கும் கருவி) இல்லாவிட்டால் தையல் அளவு நாடா போதும். குழாயைச் சுற்றி ஒரு கடதாசித் துண்டை இறுக்கிச் சுற்றி, முனை சந்திக்கும் இடத்தில் கோடு போட்டு, விரித்து அளந்து பாருங்கள். 7 சென்ரிமீற்றர் வந்தால் 22 மில்லிமீற்றர்க் குழாய். 8 வந்தால் 25.4. 9 வந்தால் 28.6. இதை ஒரு லேத் கடையில் சொல்லித் தந்தார்கள். அதன்பிறகு எந்தச் சாமான் கடைக்குப் போனாலும் பர்சில் ஒரு கடதாசித் துண்டோடுதான் போகிறேன்.

மலிவு ஹாண்டில்களில் பெயின்ற் தடிப்பாக இருக்கும். குழாய் சரியான அளவாக இருந்தும் சுவிச் பெட்டியின் இரண்டு பாதியும் சேராமல் வாய் பிளந்து நிற்கும். அப்போது கிளாம்ப் ஸ்குரூவை இறுக்கிச் சேர்க்கப் பார்க்காதீர்கள், பெட்டி வெடித்துவிடும். பெட்டி உட்காரும் இடத்தில் மட்டும் பெயின்ற்றை மண்தாளால் தேய்த்தால் சரி. இது உலோகத்தில் கை வைக்காத வேலை என்பதால் பயமில்லை. ஆனால் தேய்த்த பிறகு கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். மற்ற அளவுகள் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு, கடைசியாக இதைச் செய்யுங்கள்.

நடுக் கிளாம்பில் பாருங்கள்: ஹாண்டிலின் சொரசொரப்பான பகுதி கிளாம்புக்குள் இருக்க வேண்டும். கிளாம்ப் மூடியில் புள்ளியோ அம்போ இருந்தால் அது முன்பக்கம். பல பைக்குகளில் முன் போல்ட்டை முதலில் முழுதாக இறுக்கி, பின்னால் ஒரு சிறு இடைவெளி நிற்க விடுவார்கள். இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்று நினைத்து அந்த இடைவெளியை மூட முயன்றால் மூடி வெடிக்கலாம். 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீற்றர் இறுக்கம் வழமை. டோர்க் ஸ்பனர் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பனர்) உள்ள கராஜில் இந்த ஒரு வேலையையாவது செய்விப்பது நல்லது.

3. கைபிடி, சுவிச் பெட்டி, நுனிக் குண்டு

வலது, இடது கைபிடிகளின் துளை ஒன்றல்ல. வலது பக்கம் குழாய்க்கு மேல் அக்சிலேற்றர் உறை இருக்கிறது, அதனால் வலது கைபிடியின் துளை பெரிது. "ஒன்று ஏறுது, மற்றது ஏறுதில்லை" என்றால் முதலில் பக்கம் மாறியதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே துளையோடு வந்திருந்தால் அது பிழையான சோடி. அதைத் திருப்பி அனுப்புங்கள். ஏற்றுவதற்கு ஒயிலோ கிரீஸோ போடவே கூடாது. அது காயாது, ஓடும்போது கைபிடி கையோடு சுழலும். சோப்புத் தண்ணீர் போட்டு ஏற்றி ஒரு இரவு விடுங்கள்.

சுவிச் பெட்டிக்குள் ஒரு சிறு முளை இருக்கும். பழைய ஹாண்டிலில் அதற்கு ஓட்டை உண்டு, புதியதில் அநேகமாக இல்லை. முளையை வெட்டிவிட்டுப் பூட்டும் கராஜ்களும் இருக்கின்றன. அப்படிச் செய்தால் சில மாதத்தில் பெட்டி வழுக்கிச் சுழலும். வலது பக்கம் என்றால் அக்சிலேற்றர் கேபிளையும் சேர்த்து இழுக்கும். ஓட்டை போடுவதே சரி. பைக்கில் உட்கார்ந்து கைக்கு வசதியான இடத்தில் பெட்டியை வைத்து, முளையின் நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவி அழுத்தினால் குழாயில் அடையாளம் விழும். அந்த இடத்தில் ஒரே ஒரு ஓட்டை போடுங்கள். இடம் பிழைத்து இரண்டாவது, மூன்றாவது என்று போட்டால் குழாய் பலமிழக்கும்.

நுனியில் போடும் குண்டைப் பற்றி முக்கியமான எச்சரிக்கை. வலது பக்கக் குண்டுக்கும் அக்சிலேற்றர் உறைக்கும் நடுவே 1 அல்லது 2 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். உரசினால் அக்சிலேற்றரை விட்டாலும் திரும்பி வராது. கையை எடுத்ததும் "டக்" என்று மூட வேண்டும், ஹாண்டிலை இரண்டு பக்கம் முழுதாகத் திருப்பிய நிலையிலும்.

4. கண்ணாடி மரை

10 மில்லிமீற்றர் தடிப்பு, 1.25 மரை இடைவெளி என்பதுதான் பொது. சிறிய பைக்குகள் சிலவற்றிலும் ஸ்கூற்றர்களிலும் 8 மில்லிமீற்றர் வரும். யமஹா வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: வலது கண்ணாடிக்கு எதிர் மரை. மற்றப் பக்கம் சுற்றினால்தான் ஏறும். தெரியாமல் ஸ்பனர் போட்டு அழுத்தி, மாஸ்டர் சிலிண்டரோடு சேர்ந்த மரையைக் கெடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன். கண்ணாடியை எப்போதும் வெறுங்கையால் நாலு சுற்று ஏற்றிப் பாருங்கள். கையால் ஏறாவிட்டால் மரை வேறு. மாற்று மரைத் துண்டுகள் கடையில் கிடைக்கும், விலை பெரிதல்ல.

5. கேபிளும் பிரேக் ஹோஸும் எட்டுகிறதா

புது ஹாண்டில் பழையதைவிட உயரமா, அகலமா? என்னுடையது 5 சென்ரிமீற்றர் உயரம். ஹாண்டில் நேராக இருக்கும்போது எல்லாம் எட்டியது. இடது பக்கம் முழுதாகத் திருப்பியதும் கிளச் கேபிள் நாண்போல் விறைத்தது. புது நீளக் கேபிளுக்கு 850 ரூபா.

இந்தச் சோதனையை வெட்ட வெளியில் செய்யுங்கள். பைக்கை நடு ஸ்ராண்டில் விட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணி, ஹாண்டிலை மெதுவாக இடது எல்லைக்கும் வலது எல்லைக்கும் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் கூடினால் அக்சிலேற்றர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ஒரு வளைவில் திரும்பினால் பைக் தானாக வேகமெடுக்கும். கேபிளை வேறு வழியால் கொண்டுவந்து பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் நீளமானது வாங்குங்கள்.

பிரேக் ஹோஸ் எந்த நிலையிலும் விறைக்கக் கூடாது. ஹோஸ் மாற்றினால் இரண்டு முனையிலும் உள்ள செப்பு வொசர்களைப் புதிதாகப் போட வேண்டும். பழையதையே திரும்பப் போட்டால் கசியும். பிறகு ஹோஸுக்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். பிரேக் ஒயில் டப்பா மூடியில் டொட் 3 அல்லது டொட் 4 என்று எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். நான் ஒரு சிறு போத்தல் 700 ரூபாவுக்கு எடுத்தேன். திறந்து நாள்பட்ட போத்தல் வேண்டாம், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவிடும். மாரி காலத்தில் இது இன்னும் மோசம். பெயின்ற்றில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ற்றைத் தின்றுவிடும்.

கடைசியாக, ஹாண்டிலை முழுதாகத் திருப்பி, லிவருக்கும் பெற்றோல் டாங்குக்கும் இடையில் உங்கள் விரல் நசியாமல் இருக்கிறதா என்று கையை வைத்தே பாருங்கள்.

6. பிரேக் லிவர்: இங்கே மட்டும் சமாளிப்பு வேண்டாம்

நான் பிழைத்த இடம் இது. லிவரின் நாக்கு மாஸ்டர் சிலிண்டரின் வாய்க்குள் நுழையவில்லை, ஒரு மில்லிமீற்றர் அளவுக்குத் தடிப்பு. ராவினேன், நுழைந்தது. ஆணியும் பூட்டியது. இழுத்தால் பிரேக் பிடித்தது. சரி, வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மாங்குளம் வந்து சேரும்போது பைக் இழுக்கவில்லை. முன் டிஸ்க்கில் தண்ணீர் தெளித்ததும் சுரீரென்று ஆவியாகியது. கராஜ் அண்ணை லிவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, இதை ராவினது ஆர்?"

"நான்தான் அண்ணை. கொஞ்சம்தான்."

"ராவினதில்லை பிரச்சினை. லிவர் சும்மா நிக்கேக்கையே பிஸ்டனை அமத்திக்கொண்டு நிக்குது. இன்னும் ஒரு அஞ்சு கட்டை ஓடியிருந்தா முன் சில்லு பிடிச்சிருக்கும்."

அவர் விளக்கியது இதுதான். லிவரை விட்டதும் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வர வேண்டும். அப்போதுதான் மாஸ்டர் சிலிண்டருக்குள் உள்ள சிறு துவாரம் திறந்து, சூட்டில் விரியும் ஒயில் டப்பாவுக்குத் திரும்பும். லிவர் பிஸ்டனைக் கொஞ்சம் அமத்தி வைத்திருந்தால் அந்தத் துவாரம் மூடியே இருக்கும். ஓட ஓட ஒயில் சூடேறும், விரியும், போக வழியில்லாமல் பிரேக்கையே அமத்தும். அதனால் இன்னும் சூடேறும். கடைசியில் சில்லு இறுகிவிடும். வீட்டு வாசலில் இழுத்துப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது.

ஆகவே பிரேக் லிவரில் பூட்ட முன் மூன்று அளவுகளைப் பழைய லிவரோடு ஒப்பிடுங்கள். ஆணித் துளையின் விட்டம். நாக்கின் தடிப்பு. ஆணித் துளையின் நடுவிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் முகம்வரை உள்ள தூரம். மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பழையதையும் புதியதையும் ஆணித் துளை ஒன்றின்மேல் ஒன்று வர வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

மூன்றில் ஒன்று பிழைத்தாலும் ராவ வேண்டாம், தகடு வைக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம். வேறு லிவர் வாங்குங்கள். வாங்கும்போது பைக்கின் பெயரை விட்டுவிட்டு, மாஸ்டர் சிலிண்டரைப் படம் எடுத்துக் காட்டுங்கள். எனக்குச் சரியான லிவர் யாழ்ப்பாணத்தில் 1,900 ரூபாவுக்குக் கிடைத்தது. இரவில் நம் ரோட்டில் படுத்திருக்கும் மாடுகளுக்கு முன்னால் இந்த 1,900 பெரிய காசு இல்லை.

பூட்டிய பின்: லிவர் நுனியில் பிஸ்டனைத் தொட முன் சிறு தளர்வு இருக்க வேண்டும். முன் சில்லைத் தூக்கிச் சுற்றினால் தாராளமாகச் சுழல வேண்டும். லிவரைத் தொட்டதும் பிரேக் லைற் எரிய வேண்டும், விட்டதும் அணைய வேண்டும். புது லிவர் சுவிச்சைத் தொடாமல் போவது அடிக்கடி நடக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் கிளாம்பில் மேல்நோக்கி அம்பு பொறித்திருந்தால் அது மேலே வர வேண்டும், மேல் போல்ட்டை முதலில் இறுக்க வேண்டும்.

கிளச் லிவரில் இவ்வளவு பயமில்லை. நுனியில் 10 முதல் 15 மில்லிமீற்றர் தளர்வு வையுங்கள். முழுதாக இழுத்தும் கியர் போடும்போது பைக் முன்னால் ஊர்ந்தால், லிவர் கேபிளைப் போதுமான அளவு இழுக்கவில்லை. அது வேறு அளவு லிவர்.

7. லேத் கடைக்கு எதைக் கொண்டுபோகலாம்

நுனிக் குண்டுக்குப் புஷ் (இடைவெளியை நிரப்பும் வளையம்) கடைதல், இடைத்துண்டு செய்தல், தேய்ந்த கண்ணாடி மரையைத் திரும்ப வெட்டுதல் எல்லாம் செய்விக்கலாம். என் ஹாண்டிலின் உள்விட்டம் குண்டுக்குப் பெரிதாக இருந்தது. கிளிநொச்சியில் ஒரு சோடி புஷ்ஷுக்கு 1,000 ரூபா எடுத்தார்கள். விடியவே போனால் அன்றே கிடைக்கும். அறுவடைக் காலத்தில் போகாதீர்கள், உழவு இயந்திரச் சாமான்களால் கடை நிறைந்திருக்கும், பைக் வேலை பின்னுக்குப் போகும். சாமானோடு அது போய்ப் பூட்டும் மற்றச் சாமானையும் கொண்டுபோங்கள், அளவை மட்டும் எழுதிக்கொண்டு போக வேண்டாம்.

ஹாண்டிலில் வெல்டிங் செய்விக்காதீர்கள். வளைந்த அலுமினிய ஹாண்டிலை நிமிர்த்தவும் வேண்டாம். நிமிர்ந்தது போலத் தெரியும், பிறகு ஒரு குழியில் முறியும்.

8. திருப்பி அனுப்புவதென்றால்

அளவு பிழை என்று தெரிந்த அன்றே கடைக்காரருக்கு எழுதுங்கள். பில்லின் படம், வீடியோ, வேர்னியர் அளவு தெரியும் படம், விளம்பரப் பக்கம் நாலையும் ஒரே தகவலில் அனுப்புங்கள். "விளம்பரத்தில் 22 என்று போட்டிருக்கிறீர்கள், வந்தது 25.4" என்று எழுதினால் தர்க்கத்துக்கு இடமில்லை. "சரியில்லை" என்று எழுதினால் ஒரு கிழமை கதைதான் நடக்கும். அனுப்பும் பார்சலின் ரசீது எண்ணையும் படம் எடுங்கள்.

நான் ராவிய லிவரைக் கடைக்காரர் எடுக்க மறுத்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் கை படாத சாமான், விளம்பரத்துக்கு மாறாக வந்திருந்தும் எடுக்க மறுத்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். அங்கே முதலில் கேட்பது பில்லைத்தான். கேட்டால் பில் கொடுப்பது வியாபாரியின் கடமை. நூறு ரூபா குறைக்கிறேன் என்று சொல்லிப் பில் இல்லாமல் தந்தால் வாங்காதீர்கள்.

9. முதல் 100 கிலோமீற்றர்

பூட்டியதும் ஏ9 வீதிக்கு ஏறாதீர்கள். ஆளில்லாத ஒழுங்கையில் நடை வேகத்தில் எட்டு எட்டாகச் சுற்றுங்கள், முன் பிரேக்கை மட்டும் பிடித்துப் பாருங்கள். பிறகு 5 கிலோமீற்றர் போய் நிறுத்தி, டிஸ்க்கில் கை வைக்காமல் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். பிரேக்கை அதிகம் பிடிக்காமல் வந்தும் தண்ணீர் கொதித்தால் ஆறாம் படிக்குத் திரும்பிப் போக வேண்டும். கிரவல் ரோட்டு அதிர்வில் புதிதாகப் பூட்டிய போல்ட் தளரும், அதனால் 100 கிலோமீற்றர் ஓடியதும் எல்லாவற்றையும் ஒரு தரம் ஸ்பனரால் தொட்டுப் பாருங்கள்.

கழற்றிய பழைய சாமான்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு உரப் பையில் கட்டி, எந்தப் பக்கத்தது என்று மார்க்கரால் எழுதி வையுங்கள். யாழ்ப்பாணத்துக் கடையில் நாலு லிவரை மேசையில் வைத்து எது சரி என்று தேடியபோது, உடைந்த நுனியோடு நான் கொண்டுபோயிருந்த அந்தப் பழைய லிவரை வைத்துத்தான் சரியானதைக் கண்டுபிடித்தோம்.